ஆள் அனுப்பினால் கமிஷன்: இயற்கை மருத்துவ மையத்துக்கு விதித் தாள் எழுத வேண்டும்

பிரிக்ஃபீல்ட்ஸ்_மேனேஜர் (கோலாலம்பூர்)

வணக்கம். இங்கே ஓர் இயற்கை மருத்துவ மையத்துக்கு விதித் தாள் தயாரிக்க வேண்டியிருக்கிறது. மருத்துவர்கள் மூன்று பேர். மூவரும் இந்தியாவில் பிஎன்ஒய்எஸ் (இயற்கை மருத்துவம், யோகா பட்டப்படிப்பு) படித்தவர்கள், மாதச் சம்பளக்காரர்கள். வெளியே ஆள் அனுப்பும் இடங்களும் மூன்று: ரத்தப் பரிசோதனைக்கு ஓர் ஆய்வகம், சத்து மாத்திரைக்கு ஒரு விநியோகஸ்தர், பத்து நாள் தங்கிச் செய்யும் சிகிச்சைக்கு ஜண்டா பாய்க் பக்கம் ஓர் ஓய்வகம். மூன்று பேருமே "ஆளுக்கு இவ்வளவு" என்று தாள் நீட்டியிருக்கிறார்கள்.

முதலாளி கேட்பது: வாங்கலாமா, கூடாதா? வாங்கினால் எப்படி எழுதி வைப்பது? நோயாளியிடம் என்ன சொல்வது? தாளில் அப்படியே போடக்கூடிய விவரம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். "நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும்" என்ற வரி ஏற்கெனவே இருக்கிறது, அது போதவில்லை.

கணக்கர்_கெப்போங்

முதலில் அந்தத் தாளில் ஆள் கூடக் கூட விழுக்காடும் படிப்படியாக ஏறுகிறதா பாருங்கள். விநியோகஸ்தர் தாள் பெரும்பாலும் இப்படி இருக்கும்: மாதம் 49 ஆள் வரை 10 விழுக்காடு, 50-ஐத் தொட்டால் மொத்தத்துக்கும் 15 விழுக்காடு. ஓர் ஆள் சராசரியாக 400 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்குகிறார் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

49 ஆள்: 19,600 வெள்ளி விற்பனை, கமிஷன் 1,960.
50 ஆள்: 20,000 வெள்ளி விற்பனை, கமிஷன் 3,000.

அதாவது ஐம்பதாவது நோயாளியின் தலையில் 1,040 வெள்ளி உட்கார்ந்திருக்கிறது. அவர் வாங்கும் மருந்தே 400 வெள்ளிதான். மாதக் கடைசி வாரத்தில் 47-இல் நிற்கும் மருத்துவர், எதிரே இருக்கும் ஆளுக்கு மாத்திரை தேவையா என்பதை எந்தக் கண்ணால் பார்ப்பார்? நல்லவர், கெட்டவர் என்பது இங்கே பேச்சே இல்லை. கணக்கே அவரைத் தள்ளும்.

ஆகவே விதித் தாளின் முதல் வரி: எண்ணிக்கையோடும் விற்பனைத் தொகையோடும் கட்டிய எந்தப் பணமும் வேண்டாம். அதை ஏற்றுக்கொண்டால் பாதித் தகராறு அங்கேயே அடங்கிவிடும்.

வரிப் பக்கம் ஒரு விஷயம். ஏஜென்ட், டீலர், விநியோகஸ்தர் என்ற பேரில் ஒருவருக்கு ஆண்டில் 5,000 வெள்ளிக்கு மேல் ஊக்கத்தொகை கொடுத்தால், கொடுக்கும் நிறுவனம் சிபி58 படிவம் தயாரித்து அடுத்த ஆண்டு மார்ச் 31-க்குள் அவர் கையில் தர வேண்டும். பணமாகக் கொடுத்ததும் சேரும், பயணம், கைப்பேசி என்று பொருளாகக் கொடுத்ததும் சேரும். "சிபி58 தருவீர்களா?" என்று விநியோகஸ்தரிடம் கேட்டுப் பாருங்கள். இழுத்தால், அந்தப் பணத்தை அவர் வேறு எந்தப் பேரில் கணக்கெழுதுகிறார் என்று விசாரியுங்கள்.

மருந்தாளர்_பிறை (பினாங்கு)

கமிஷன் என்ற பேரில் வந்தால் சுலபம், "வேண்டாம்" என்று எழுதிவிடலாம். அந்தப் பேரில் அது வருவது குறைவு. விதித் தாளில் "பணம்" என்று மட்டும் போட்டால் கீழே உள்ளவை எல்லாம் நழுவிப் போகும்.

வாடகை. ஆய்வகம் உங்கள் மையத்தில் ஒரு மூலையில் ரத்தம் எடுக்க மேசை போடுகிறது, மாதம் 1,500 வெள்ளி தருகிறது. அதே அளவு இடத்துக்கு அந்தத் தெருவில் 400 வெள்ளிதான் என்றால் மீதி 1,100-க்குப் பேர் என்ன?

இலவச இயந்திரம். உடல் கொழுப்பு அளக்கும் கருவி, கால் ஊறவைக்கும் கருவி எல்லாம் "கடன்" என்று வரும். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் மாதம் இத்தனை பெட்டி வாங்க வேண்டும் என்று இருக்கும். குறைந்தால் கருவி திரும்பிப் போகும்.

தள்ளுபடிக் குறியீடு. மருத்துவர் பெயரில் ஒரு குறியீடு. நோயாளி வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் வாங்கினாலும் மருத்துவர் கணக்கில் ஏறும். நோயாளிக்கு அது தள்ளுபடி, அதற்குப் பின்னால் இன்னொரு காசு ஓடுவது தெரியாது.

கடன் குறிப்பு (அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளும் தாள்), இலவசச் சரக்கு. பத்துப் பெட்டிக்கு இரண்டு இலவசம். அந்த இரண்டையும் முழு விலைக்கு விற்றால் அதுவும் கமிஷன்தான்.

பயிற்சிப் பயணம். கேரளாவில் நான்கு நாள், அதில் பயிற்சி அரை நாள்.

குடும்பம். கடை மனைவி பெயரில், அல்லது தம்பி பெயரில். இதற்கு எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) தளத்தில் சிறு கட்டணம் கட்டி நிறுவன விவரம் எடுத்தால் இயக்குநர், பங்குதாரர் பெயர் வந்துவிடும். ஆண்டுக்கு ஒரு தடவை உங்கள் மையமே எடுத்து ஃபைலில் வைக்கலாம்.

நேரடி விற்பனைக் கிளை. மருத்துவர் மேலே, நோயாளி கீழே. இதுதான் மிக மோசம். நோயாளியும் ஆள் சேர்க்க ஆரம்பித்துவிட்டால், மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று வாயைத் திறந்து சொல்லமாட்டார், அவர் வருமானமும் அதில் இருக்கிறது. நிறுவனத்துக்கு 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டப்படி ஏஜேஎல் எண்ணுள்ள உரிமம் இருக்கலாம். உரிமம் விற்பனை முறைக்கு. மருத்துவர் தன் நோயாளியைத் தனக்குக் கீழே சேர்ப்பது சரி என்று அந்த எண் சொல்லவில்லை.

இயற்கைவைத்தியர்_பட்டர்வொர்த்

எல்லாம் சரி, ஆனால் ஒருதலையாகப் போகிறது. நம் வைத்தியத்தில் வைத்தியரே மருந்து செய்து கொடுப்பதுதான் வழக்கம். சூரணம், தைலம், லேகியம் எல்லாம் அவர் கையால். ஆலோசனைக்குத் தனியாகக் காசு வாங்கியதே இல்லை, மருந்துக் காசுதான் வருமானம். இந்த நாட்டில் ஆங்கில மருத்துவக் கிளினிக்கிலும் டாக்டரே மருந்து கொடுக்கிறார், மருந்துக் கடை தனியாகப் பிரியவில்லை. அவர்கள் ஆலோசனைக் கட்டணம் 10 முதல் 35 வெள்ளி என்று பல வருடம் கட்டிப் போட்டுக் கிடந்தது, மருந்தில்தான் சமாளித்தார்கள். அதை யாரும் கேட்கவில்லை. இயற்கை மருத்துவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து உணவு, தூக்கம், மலம், மன அழுத்தம் எல்லாம் கேட்டு 60 வெள்ளி வாங்குகிறார். மருத்துவக் காப்பீட்டு அட்டையிலும் இது பெரும்பாலும் சேராது, நோயாளி கைக்காசு. மையம் எப்படி ஓடும்?

மருந்தாளர்_பிறை (பினாங்கு)

டாக்டர், நியாயமான கேள்வி. தன் கையால் செய்து, தன் பெயரில், விலை எழுதி விற்பதும், மூன்றாம் ஆளிடம் அனுப்பி மறைவாகப் பங்கு வாங்குவதும் ஒன்றாகிவிடாது. முதலாவதில் வைத்தியருக்கு லாபம் இருக்கிறது என்பது எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். "வேண்டாம், விலை அதிகம்" என்று அவரிடமே சொல்ல முடியும். இரண்டாவதில் நோயாளி அதை மருத்துவக் கருத்து என்று நினைத்துக்கொண்டு போகிறார்.

நீங்கள் சொன்னதிலேயே இன்னொன்றும் இருக்கிறது. மருத்துவ அட்டை இல்லை என்றால் பில்லைக் கேள்வி கேட்க காப்பீட்டு நிறுவனமும் இல்லை. மேற்பார்வை பார்க்க நோயாளியின் மகனோ மகளோதான் மிச்சம்.

விலை பற்றி: 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்கும் மருந்துக் கடையும் மருந்து விலையைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்று ஆணை வந்தாயிற்று. அந்தப் பழக்கத்தை இயற்கை மருத்துவ மையம் தானாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆலோசனை ஒரு வரி, சிகிச்சை ஒரு வரி, பொருள் ஒவ்வொன்றும் தனித்தனி வரி. "பேக்கேஜ் 1,800" என்று ஒரே வரியில் பில் போடும் இடத்தில் எது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, சில நேரம் கணக்கருக்கே தெரியாது.

கட்டணம் போதவில்லை என்றால் கட்டணத்தை ஏற்றுங்கள் டாக்டர். முதல் தடவைக்கு 120, அடுத்தடுத்து 60 என்று பலகையில் எழுதுங்கள். ஒரு மணி நேர வேலைக்கு அது அதிகமில்லை.

சட்டப்புள்ளி_ஜாலான்ஈப்போ

சட்டம் கேட்டீர்கள், நான்கு பக்கமாகப் பிரித்துப் பாருங்கள்.

மருத்துவர் பக்கம் 2016-ஆம் ஆண்டு பாரம்பரிய, இணை மருத்துவச் சட்டம், சட்டம் 775. பாரம்பரிய இந்திய மருத்துவம் என்ற பிரிவில் சித்தா, ஆயுர்வேதம், யுனானியோடு யோகா-இயற்கை மருத்துவமும் வருகிறது. பதிவும் தொழில் சான்றிதழும் இருக்கிறதா என்பதை அந்தச் சட்டப்படி அமைந்த கவுன்சிலின் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். கவுன்சிலின் நடத்தை விதிகளை முதலில் அச்செடுத்து வையுங்கள். உங்கள் தாள் அதைவிடக் கடுமையாக இருக்கலாம், தளர்வாக இருக்க முடியாது.

எதிர்ப்பக்கம். பணம் கொடுப்பவர் பதிவு பெற்ற டாக்டராகவோ தனியார் மருத்துவமனையாகவோ இருந்தால் அவருக்கு வேறு கயிறு. மலேசிய மருத்துவ மன்றத்தின் நடத்தை விதிகளில் கட்டணப் பங்கீடு தவறு. 2017-இல் காப்பீட்டு இடைத்தரகு நிறுவனங்கள் டாக்டர் கட்டணத்தில் விழுக்காடு பிடித்தபோது, அதுவே கட்டணப் பங்கீடு ஆகிவிடும் என்று மன்றம் எச்சரித்தது. "ஸ்கேனுக்கு அனுப்புங்கள், ஸ்பெஷலிஸ்ட் கட்டணத்தில் பத்து விழுக்காடு தருகிறோம்" என்று யாராவது வந்தால், நீங்கள் வாங்கும் ஒவ்வொரு ரசீதும் அந்த ஸ்பெஷலிஸ்டுக்கு எதிரான சாட்சி. இந்தோனேசியாவின் மேடானிலிருந்து ஆள் கூட்டி வரும் ஏஜென்ட்டுகளைப் பார்த்துப் பழகிய பினாங்கில் இது சாதாரணமாகத் தோன்றும். பயண ஏற்பாட்டுக்குக் கூலி வேறு, நோயாளியை எந்த டாக்டரிடம் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் ஆள் கை நீட்டுவது வேறு.

மூன்றாவது, ஊழல் தடுப்புச் சட்டம் 2009. உங்கள் மருத்துவர்கள் சம்பளக்காரர்கள் என்கிறீர்கள், அது முக்கியம். முதலாளிக்குத் தெரியாமல் ஊழியர் வெளியாளிடம் வாங்கும் கோப்பி காசு (லஞ்சம்) அரசாங்க ஊழியர் விவகாரம் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். முதலாளி-முகவர் உறவு இருந்தால் தனியார் துறையிலும் குற்றம்தான். 2020 ஜூன் 1 முதல் 17ஏ பிரிவும் நடப்பில் இருக்கிறது. நிறுவனத்துக்காக ஒருவர் லஞ்சம் கொடுத்தால் நிறுவனமே பதில் சொல்ல வேண்டும். அபராதம் கொடுத்ததைப்போல் 10 மடங்கு அல்லது 10 லட்சம் வெள்ளி, எது அதிகமோ அது. போதுமான தடுப்பு நடைமுறை வைத்திருந்தோம் என்று காட்டுவதுதான் தற்காப்பு. விநியோகஸ்தரோடு பேசும்போது இதைச் சொல்லுங்கள், கொடுக்கும் பக்கம் அவர்.

நான்காவது, தனிநபர் தரவுச் சட்டம் 2010. உடல்நல விவரம் அதில் கூடுதல் பாதுகாப்பு வேண்டிய தரவு, வெளிப்படையான சம்மதம் வேண்டும். நோயாளி பெயர், கைப்பேசி எண், ரத்த அறிக்கை மூன்றையும் வாட்ஸ்அப்பில் விநியோகஸ்தருக்குத் தட்டிவிடுவது பல இடத்தில் நடக்கிறது. கமிஷன் யாருக்குச் சேர வேண்டும் என்று கணக்கு வைக்கத்தான் அது போகிறது, சிகிச்சைக்கு இல்லை.

சும்மா_வாசகன்

அண்ணே, அமெரிக்காவில் இதற்கெல்லாம் கடுமையான சட்டம் இருக்காமே, அதைப் பார்த்து எழுதினால் போதாதா?

சட்டப்புள்ளி_ஜாலான்ஈப்போ

தம்பி, அங்கேயும் ஓட்டை இருக்கிறது. ஸ்டார்க் சட்டம் என்று சொல்வது, டாக்டர் தனக்கோ குடும்பத்துக்கோ பங்குள்ள இடத்துக்கு அரசாங்கக் காப்பீட்டு நோயாளியை அனுப்புவதைத் தடுக்கிறது. அதில் மருத்துவர் என்ற வரையறைக்குள் கைரோபிராக்டர்கூட இருக்கிறார், இயற்கை மருத்துவர் இல்லை. காப்பீடே இல்லாமல் கைக்காசு கொடுப்பவருக்கு அந்தச் சட்டம் எட்டவும் எட்டாது. வாஷிங்டன் மாநிலம்போல் சில இடங்களில் தனி மாநிலச் சட்டம் இருக்கிறது. பெயரை விட்டுவிடுங்கள், குடும்பத்தின் பங்கையும் சேர்த்துக் கணக்கெடுக்கும் அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்தான்_ஜார்ஜ்டவுன்

ஆய்வகப் பக்கத்து நடைமுறை. கிளினிக்குக்கு ஒரு விலைப் பட்டியல், நேரே வருபவருக்கு ஒரு விலைப் பட்டியல். மையம் 90 வெள்ளிக்கு வாங்கி 220-க்கு விற்கும். இதில் ஒளிவு மறைவு ஏதுமில்லை என்று எல்லாரும் சொல்வார்கள், நோயாளிக்குத் தெரியாது என்பதைத் தவிர. சுத்தமான வழி: நோயாளி ஆய்வகத்துக்கே காசு கட்டட்டும், ரசீது ஆய்வகப் பெயரில் வரட்டும். ரத்தம் எடுக்கும் வேலையை மையம் செய்தால் அதற்கு 15, 20 வெள்ளி என்று தனிக் கட்டணம் போடலாம்.

விலையைவிட எந்தப் பரிசோதனை எழுதப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். ஆதாயம் புகுந்த இடம் படிவத்திலேயே தெரியும்.

உணவு ஒவ்வாமைக்கு ஐஜிஜி பரிசோதனைத் தொகுப்பு. நூறு, இருநூறு உணவுக்கு ஒரே அடியாகப் பார்ப்பது. ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் அந்த உணவை உடம்பு சந்தித்திருக்கிறது என்பதற்கு அடையாளம். தினம் சாப்பிடும் பால், முட்டை, கோதுமைக்கே கூடுதலாகக் காட்டும். ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய, அமெரிக்க ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் சொல்லிவிட்டன. ஆனால் அறிக்கையில் சிவப்புக் கட்டம் நிறைய வரும், சிவப்புக் கட்டம் எல்லாம் மாத்திரை விற்க வசதி.

"புற்றுநோய் பேக்கேஜ்". அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு ரத்தத்தில் பார்க்கும் புற்றுநோய்க் குறியீடுகள் சிஇஏ, சிஏ125, சிஏ19-9 மூன்றும் சேர்த்து. சிஏ125 மாதவிடாயிலும், கருப்பைக் கட்டியிலும், எண்டோமெட்ரியோசிஸிலும் ஏறும். புகைப்பவருக்கு சிஇஏ கொஞ்சம் ஏறியிருக்கும். பித்தக் குழாய் அடைத்தால் சிஏ19-9 ஏறும். ஓர் எண் தாண்டினால் அடுத்து ஸ்கேன், ஸ்கேனில் ஏதாவது நிழல், அதற்கடுத்து இன்னொன்று. ஒவ்வொரு படியிலும் ஒரு ரெஃபரல், ஒவ்வொரு ரெஃபரலிலும் ஒரு பங்கு.

மாதாமாதம் எச்பிஏ1சி (சராசரிச் சர்க்கரை அளவு). சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும், அதற்குள் ஏறிய சர்க்கரையைத்தான் அந்த எண் காட்டுகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும். முப்பது நாளில் மறுபடி எடுப்பவர் எதைத் தேடுகிறார் என்று கேளுங்கள்.

விதித் தாளுக்கு வாசகம்: பரிசோதனைப் படிவத்தில் "இந்த முடிவு எப்படி வந்தால் என்ன மாற்றுவேன்" என்று மருத்துவர் ஒரு வரி எழுத வேண்டும். எழுத முடியாத பரிசோதனை தேவையில்லாதது.

இயற்கைவைத்தியர்_பட்டர்வொர்த்

ஆய்வகத்தான் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எல்லாரும் அனுப்புவதைப் பற்றியே பேசுகிறீர்கள். பெரிய காசு அனுப்பாமல் பிடித்து வைப்பதில் இருக்கிறது.

20 அமர்வு, 2,400 வெள்ளி, முன்பணம். ஆறாவது அமர்வில் நோயாளி "மலத்தில் ரத்தம் வருது டாக்டர்" என்கிறார். அவரை அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பினால் 14 அமர்வுக் காசு, 1,680 வெள்ளி, திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது கொடுக்காமல் சண்டை போட வேண்டும். அனுப்பாமல் "மூலச் சூடு, மோர் குடிங்க" என்று சொன்னால் காசு இருக்கும். எந்த விநியோகஸ்தரும் இங்கே இல்லை, கமிஷன் இல்லை, விதித் தாளில் எந்த வரியும் மீறப்படவில்லை. ஆள் மட்டும் மூன்று மாதம் தாமதமாக மருத்துவமனைக்குப் போகிறார். சட்டம் 775-இல் தன் திறமைக்கு மிஞ்சிய நோயாளியை டாக்டரிடம் அனுப்பும் கடமை இருக்கிறது. அந்தக் கடமைக்குக் குறுக்கே நிற்பது இந்த முன்பணம்தான்.

ஆகவே இந்தப் பட்டியலை எழுதி, கவுன்டரிலும் ஒட்டுங்கள். இவற்றில் ஒன்று வந்தால் அன்றைக்கே கடிதம், மிச்ச அமர்வுக் காசு பேச்சில்லாமல் திரும்பும்:

நெஞ்சு வலி, ஒரு பக்கக் கை கால் பலவீனம், வாய் கோணல் (இவற்றுக்குக் கடிதம்கூட வேண்டாம், 999). மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம். காரணம் தெரியாத எடைக் குறைவு. மார்பிலோ கழுத்திலோ புதுக் கட்டி. நீரிழிவுக்காரருக்குக் காலில் எந்தப் புண்ணாக இருந்தாலும். கண் மஞ்சள். கிரியாட்டினின் (சிறுநீரகம் பற்றிய ரத்த அளவு) முந்திய அறிக்கையைவிட ஏறியது. கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு.

இன்சுலின் போடுபவரிடம் "நிறுத்திப் பார்க்கலாம்" என்று யாரும் சொல்லக் கூடாது என்பதைத் தனி வரியாகப் போடுங்கள். முதல் வகை நீரிழிவில் இன்சுலின் நின்றால் சில நாளிலேயே ரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்து. வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) சாப்பிடுபவருக்கும் அப்படியே, மூலிகை சேர்க்கும் முன் மருந்து எழுதிய டாக்டரிடம் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

முன்பணம் 5 அமர்வுக்கு மேல் வாங்காதீர்கள். அதுதான் என் யோசனை.

மருந்தாளர்_பிறை (பினாங்கு)

இதை முதல் பதிவிலேயே யாராவது சொல்லியிருக்க வேண்டும். இழை முழுதும் கமிஷன் கமிஷன் என்று ஓடிவிட்டது.

ஓர் ஒட்டு: பொருள் பட்டியலையும் சேருங்கள். அலமாரியில் இருக்கும், அல்லது நீங்கள் அனுப்பும் கடையில் விற்கும் தயார்ப் பொருள் எதுவானாலும் எம்ஏஎல் என்ற மருந்துப் பதிவு எண் வேண்டும்: எம்ஏஎல், எட்டு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. பாரம்பரிய மருந்துக்கு T, சத்துப் பொருளுக்கு N. என்பிஆர்ஏ (மருந்துப் பதிவு அமைப்பு) தளத்தில் அந்த எண்ணைத் தட்டி, பெயரும் நிறுவனமும் பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் ஃபார்மாடேக் பாதுகாப்பு லேபிளை ஃபார்மாசெக்கர் செயலியில் காட்டிச் சரிபார்க்கலாம். மூட்டு வலிக்கு "மூன்று நாளில் பறந்துடும்" என்ற பேரில் வரும் பதிவில்லாத பொடிகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது திரும்பத் திரும்பப் பிடிபடுகிறது. மாதக்கணக்கில் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் அட்ரீனல் சுரப்பி கைவிட்டுவிடும். கமிஷன் அதிகமாக வரும் பொருள் பெரும்பாலும் இந்த வகைதான், பதிவுச் செலவு, பரிசோதனைச் செலவு எதுவும் இல்லாததால் கொடுக்க நிறைய மிச்சம் இருக்கும். பதிவில்லாத மருந்து விற்றால் 1952-ஆம் ஆண்டு மருந்து விற்பனைச் சட்டப்படி தனி ஆளுக்கு முதல் தடவை 25,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நிறுவனத்துக்கு 50,000 வரை.

சும்மா_வாசகன்

சரி, எல்லாத்தையும் நோயாளிகிட்ட சொல்லிட்டா? "எனக்கு இதில் பங்கு இருக்கு"ன்னு ஒரு தாளில் கையெழுத்து வாங்கிட்டா முடிஞ்சுதே.

கணக்கர்_கெப்போங்

முடியாது. 2005-இல் கெய்ன், லோவன்ஸ்டீன், மூர் என்ற மூவர் இதைச் சோதித்தார்கள். ஜாடிக்குள் நாணயம் எவ்வளவு என்று ஒருவர் ஊகிக்க வேண்டும், இன்னொருவர் ஆலோசனை சொல்ல வேண்டும். ஊகம் கூடினால் ஆலோசகருக்கு லாபம். லாபத்தை வெளியே சொல்ல வைத்ததும் ஆலோசகர்கள் முன்னைவிடக் கூட்டிச் சொன்னார்கள். "சொல்லிட்டோமே, இனி அவர் பாடு" என்ற துணிச்சல். கேட்டவர்கள் கழித்துப் பார்த்தார்கள், போதுமான அளவு கழிக்கவில்லை.

அதற்குப் பிறகு சுனிதா சா செய்த ஆய்வுகள் இன்னும் ஒரு படி மேலே. ஆதாயம் இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்னால் நம்பிக்கை குறைகிறது, ஆனால் மறுக்கக் கூச்சப்பட்டு அதையே வாங்கிவிடுகிறார்கள். நம் ஆட்கள் டாக்டர் முன்னால் "வேண்டாம்" சொல்வார்களா? அதிலும் அம்மா வயதுக்காரர்கள்? அந்த அழுத்தம் குறையும் வழியும் அதே ஆய்வில் இருக்கிறது: வேறு ஆள் சொன்னால் குறைகிறது, தனியாக முடிவெடுக்க விட்டால் குறைகிறது, பிறகு மனம் மாற வழி இருந்தால் குறைகிறது.

தாளில் இதை இப்படி மாற்றலாம். சொல்வது கவுன்டர் பெண், மருத்துவர் அறைக்கு வெளியே. அன்றைக்கு ஆர்டர் எடுப்பதில்லை. தாளை வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். திறக்காத பெட்டி 14 நாளுக்குள் திரும்ப வந்தால் முழுக் காசு.

பிரிக்ஃபீல்ட்ஸ்_மேனேஜர் (கோலாலம்பூர்)

எல்லாருக்கும் நன்றி. இதுவரை வந்ததை வைத்து வரைவு:

1. ஆள் எண்ணிக்கை, விற்பனைத் தொகை இரண்டில் எதனோடும் கட்டிய பணமோ பொருளோ மையமும் மருத்துவரும் அவர் குடும்பத்தாரும் வாங்குவதில்லை. பயணம், கருவி, இலவசச் சரக்கு, தள்ளுபடிக் குறியீடு இதில் அடக்கம்.
2. விநியோகஸ்தர் தரும் தள்ளுபடி முழுதும் நோயாளி பில்லில் கழியும்.
3. வெளியே அனுப்பும் தாளில் குறைந்தது இரண்டு இடத்தின் பெயரும் விலையும் இருக்கும், அதில் ஒன்று மையத்துக்குச் சம்பந்தமில்லாதது. பொருள் என்றால் பிராண்டு இல்லாமல் உட்பொருளும் அளவும் எழுதப்படும்.
4. மையத்துக்கு ஆதாயம் இருக்கும் இடத்தில் நியாயமான தொகை மட்டுமே பெறப்படும், அது நோயாளிக்குத் தெரிவிக்கப்படும்.
5. அபாய அறிகுறிப் பட்டியல், அன்றைக்கே கடிதம், மிச்சக் காசைத் திருப்பிக் கொடுத்தல். முன்பணம் 5 அமர்வு வரை.
6. நோயாளி விவரம் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வெளியே போகாது.
7. மாதம் ஒரு தடவை ஒவ்வொரு மருத்துவரின் ரெஃபரல் எண்ணிக்கையும், தற்செயலாக எடுத்த பத்து ஃபைலும் பார்க்கப்படும்.

சட்டப்புள்ளி_ஜாலான்ஈப்போ

4-ஆவது வரி 1-ஆவது வரியைக் கடித்துத் தின்கிறது. "நியாயமான தொகை" என்றால் யார் நியாயம்? அதை எடுத்துவிட்டு, மையம் வாங்கக்கூடியது இரண்டே என்று போடுங்கள்: சந்தை விலையில், ஓராண்டுக்குக் குறையாத எழுத்து ஒப்பந்தத்தில் நிலையான வாடகை, செய்த வேலைக்குப் பலகையில் எழுதிய கட்டணம். இரண்டையும் வெள்ளி எண்ணில் எழுதுங்கள்.

5-இல், பில்லில் ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக வர வேண்டும் என்பதையும் சேருங்கள். காரணம் இருக்கிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், கட்டணம் 5 வெள்ளி, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் சட்டம் சுகாதாரத் தொழிலர் தரும் சுகாதாரச் சேவைக்குப் பொருந்தாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. எதிர்த் தரப்பு அதைத் தூக்கிக் காட்டும். பொருள் விலை தனி வரியாக இருந்தால் அந்தப் பங்கையாவது நோயாளி தனியே கேட்கலாம். ஒரே வரி "பேக்கேஜ்" என்றால் முதல் விசாரணையிலேயே மல்லுக்கட்டு.

ஆய்வகத்தான்_ஜார்ஜ்டவுன்

7-இல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். கருத்தரிப்புப் பிரச்சினை பார்ப்பவர் பரிசோதனை அதிகம் எழுதுவார், முதுகு வலி பார்ப்பவர் குறைவாக எழுதுவார். ஒரு மருத்துவரின் இந்த மாதத்தை அவருடைய போன மாதத்தோடு ஒப்பிடுங்கள். மாதக் கடைசி வாரம் தனியாகத் தூக்குகிறதா பாருங்கள். கணக்கர் சொன்ன படிக்கட்டு எங்காவது இருந்தால் அங்கேதான் தெரியும். மருத்துவமனைக்குக் கடிதமே எழுதாத மருத்துவர் யார் என்றும் பாருங்கள். ஆறு மாதத்தில் ஒரு கடிதம்கூட இல்லை என்றால் அவர் ஃபைல்களைப் பத்துக்குப் பதில் முப்பதாக எடுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_மேனேஜர் (கோலாலம்பூர்)

4, 5, 7 மாற்றியாச்சு. ஆய்வகம் ஒத்துக்கொண்டது, நோயாளி நேரே கட்டுவார். ஓய்வகத்துக்காரர்தான் முரண்டு. 3,500 வெள்ளிப் பேக்கேஜுக்கு 10 விழுக்காடு எல்லா மையத்துக்கும் கொடுக்கிறாராம், எங்களுக்கு மட்டும் மாற்ற முடியாதாம்.

கணக்கர்_கெப்போங்

மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த 350-ஐ நோயாளி பெயரில் தள்ளுபடியாகப் போட்டு 3,150-க்கு பில் அடிக்கச் சொல்லுங்கள். அவர் கையை விட்டுப் போவது அதே காசுதான். அதற்கும் மறுத்தால் அவருக்கு வேண்டியது நோயாளி இல்லை, உங்கள் மருத்துவர். பெயரைத் தாளில் இரண்டாவது இடத்துக்கு இறக்கி, பக்கத்தில் 3,500 என்று விலையைப் போட்டுவிடுங்கள்.

இயற்கைவைத்தியர்_பட்டர்வொர்த்

அனுப்பும் முன் இன்னொன்று கேளுங்கள்: அங்கே இரவில் யார் இருக்கிறார்கள்? பத்து நாள் உபவாசம், எனிமா எல்லாம் வைக்கும் இடத்தில் சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் மயங்கி விழுவது சாதாரணம். பதிவு பெற்ற மருத்துவர் தங்கியிருக்கிறாரா, சர்க்கரை அளக்கும் கருவி இருக்கிறதா, பக்கத்து மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம். எழுத்தில் பதில் வராவிட்டால் இரண்டாவது இடமும் வேண்டாம்.